மலைக்கு இப்பால் பிறந்த பாட்டு

நேபாளிப் பாட்டின் வரலாற்றைக் காத்மாண்டுவிலிருந்து தொடங்கினால் பாதியைத்தான் சொல்ல முடியும். மறுபாதி இந்தியாவில் கிடக்கிறது: கல்கத்தாவின் ஒலிப்பதிவுக் கூடங்களில், தர்மசாலா பக்கத்துக் கூர்க்கா குடியிருப்புகளில், எல்லாவற்றுக்கும் மேலாக டார்ஜிலிங், கர்சியாங் மலைகளில். அம்பர் குருங் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் இந்த மறுபாதி கண்ணில் படும். அவர் பாடினார், பாட்டு எழுதினார், மெட்டமைத்தார். இந்தியாவில் பிறந்து, 31 வயதில் நேபாளத்துக்குக் குடிபோய், 69 வயதில் அந்த நாட்டின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர்.

நான் இசை ஆராய்ச்சியாளன் அல்ல. வங்கி வேலையில் இருந்தவன். 1990-களின் தொடக்கத்தில் என்னைக் கர்சியாங்குக்கு மாற்றினார்கள். கடைவாசலை உரசிக்கொண்டு சின்ன ரயில் போகும் ஊர் அது. பகலிலேயே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பேரேட்டை ஈரமாக்கும். 1962-ல் தொடங்கிய ஆகாசவாணி கர்சியாங் நிலையம் மேலே இருந்தது. பஜாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதன் நேபாளி நிகழ்ச்சி ஒலித்துக்கொண்டிருக்கும். மொழி தெரியாமலே பாட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டன. எங்கள் கிளையின் காசாளர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் எல்லோரும் தாஜு, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவோம். நேபாளிப் பாட்டைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி அவரிடமிருந்து தொடங்கியது. மீதியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படித்தும் கேட்டும் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டு ஏன் நாட்டுக்கு வெளியே உருவானது? 1846 முதல் 1951 வரை நேபாளத்தை ஆண்டது ராணா குடும்பம். மன்னர் பெயருக்கு இருந்தார். அதிகாரம் பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களிடம். எழுத்தையும் படிப்பையும் அவர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1920-ல் கிருஷ்ணலால் அதிகாரி என்பவர் மக்காச்சோளப் பயிர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் பூச்சிகளைப் பற்றிய பேச்சு தங்களைத்தான் குறிக்கிறது என்று ராணாக்கள் நினைத்தார்கள். அவரைச் சிறையில் போட்டார்கள். அங்கேயே அவர் செத்துப்போனார். வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளவே பொதுமக்களுக்கு நெடுங்காலம் அனுமதி கிடையாது. அரண்மனைக்குள் வடஇந்திய உஸ்தாத்கள் பாடினார்கள். வெளியே கந்தர்வர் சாதிப் பாடகர்கள் சாரங்கியை ஏந்தி ஊர் ஊராக நடந்து, செய்தியையும் கதையையும் பாட்டாகச் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, படித்த சாதாரண மனிதன் தன் மனதைப் பாடிக்கொள்ள ஒரு பாட்டு வேண்டும் அல்லவா? அதற்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே முதல் இசைத்தட்டுகள் கல்கத்தாவில் வெட்டப்பட்டன. சேதுராம் ஸ்ரேஷ்ட அங்கே போய்த்தான் பாடினார். இசைத்தட்டில் குரல் பதித்த முதல் நேபாளிப் பெண் என்று சொல்லப்படும் மேலவா தேவி, ராணா அரண்மனையில் பாடியவர். அவரும் கல்கத்தாவுக்கு வந்த பிறகே ஊரறிந்த பாடகியானார். மித்ரசேன் தாபா மகர் கதை இன்னும் அழகு. இமாசலத்தில் தர்மசாலாவை ஒட்டிய பாக்சுவில் 1895-ல் பிறந்தார். ஒன்றாம் கூர்க்கா ரைபிள்ஸில் சிப்பாய். முதல் உலகப் போரில் பிரான்ஸ் வரை போய்த் திரும்பினார். 1920-ல் படையை விட்டு விலகி, ஆர்மோனியத்தைச் சுமந்துகொண்டு நேபாளிகள் வாழும் ஊர்களெல்லாம் சுற்றினார். மலைக்கிராமங்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்டிப் பாடி இசைத்தட்டுகளாக்கினார். நேபாளத்தில் பிறக்காதவர்தான் நேபாளக் கிராமத்தின் மெட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தார். இதை வியப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர்ப் பாட்டின் மேல் இருக்கும் தாகம் உள்ளே இருப்பவனுக்கு இருக்காது. நேபாளிப் பாட்டின் முதல் அரை நூற்றாண்டை அந்தத் தாகம்தான் நடத்தியது.

டார்ஜிலிங்கின் கதையும் அதுவே. 1835-ல் சிக்கிம் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மலையைப் பெற்றது. 1850-களில் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கொழுந்து பறிக்கவும் சாலை போடவும் கிழக்கு நேபாளத்திலிருந்து ராய், லிம்பு, தமாங், குருங், மகர் மக்கள் சாரை சாரையாக வந்தார்கள். வீட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மொழி. தோட்டத்திலும் பஜாரிலும் பேச நேபாளி. நாளடைவில் அதுவே பலருக்கும் தாய்மொழியாயிற்று. காத்மாண்டுவில் புத்தகத்துக்குச் சிறை என்ற காலத்தில் டார்ஜிலிங்கில் 1924-ல் நேபாளி இலக்கிய மாமன்றம் தொடங்கிவிட்டார்கள். 1932-ல் கூர்க்கா துக்க நிவாரக் சம்மேளன் வந்தது. ஆதரவற்றோருக்கு உதவ ஏற்பட்ட அந்தச் சங்கத்தின் மண்டபத்தில்தான் ஊரின் நாடகங்களும் பாட்டுப் போட்டிகளும் நடந்தன.

மலையில் வேறு ஒலிகளும் இருந்தன. ஸ்காட்லாந்து மிஷன் தேவாலயங்களில் நான்கு குரல் சேர்ந்த கீர்த்தனைகள். கான்வென்ட்களில் பியானோ. தோட்டத் துரைமார் கிளப்பில் நடன இசை. ராணுவ பேண்டு. திரையரங்கில் இந்திப் படம். மலையடியிலிருந்து ஏறிவரும் ரவீந்திர சங்கீதம். இவை எல்லாவற்றையும் ஒரே சிறுவன் கேட்டு வளரக்கூடிய ஊர் அன்றைய நேபாளத்துக்குள் எங்கும் இல்லை.

அம்பர் குருங் 1938 பிப்ரவரி 26-ல் டார்ஜிலிங்கில் பிறந்தார். தந்தை நேபாளத்தின் கோர்க்காவிலிருந்து வந்து ஆங்கிலேயர் சேவையில் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் மகனுக்கு ஏற்கெனவே ஒரு பாதை போட்டு வைத்திருப்பார்கள்: சீருடை, சம்பளம், பென்ஷன். அம்பர் அந்தப் பாதையில் போகவில்லை. குருவிடம் உட்கார்ந்து முறையாகக் கற்றவரும் அல்ல. கேட்டுக் கேட்டு, ஆர்மோனியத்தில் தேடித் தேடித் தானே கற்றார். பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 'ஆர்ட் அகாடமி ஆஃப் மியூசிக்' என்ற பெயரில் ஓர் இசைப்பள்ளி தொடங்கினார்.

அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். கோபால் யோஞ்சன், கர்ம யோஞ்சன், அருணா லாமா, சரண் பிரதான், ரஞ்சித் கஜ்மேர், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் வாங்கிய பீட்டர் கார்த்தக். அடுத்த முப்பது ஆண்டு நேபாளி இசையின் பெரும்பகுதி இந்தச் சிறுவர் சிறுமியரின் கையில்தான் இருந்தது. ஆசிரியருக்கே அப்போது இருபது வயது சொச்சம். ஒரு சிறிய மலையூரில் இப்படி ஒரு தலைமுறை ஒரே கூரையின் கீழ் கூடியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

அம்பரைப் பெரிய பெயராக்கிய பாட்டு 'நௌலாக் தாரா'. எழுதியவர் அகம்சிங் கிரி, டார்ஜிலிங்கின் கவிஞர். 1960-களின் தொடக்கத்தில் அம்பர் அதற்கு மெட்டமைத்துப் பாடினார், இசைத்தட்டாக வந்தது. காதல் பாட்டு அல்ல. வீரப் பாட்டும் அல்ல. சொந்த மண்ணை விட்டு வந்து பிறருக்காக உழைத்து, பிறருக்காகப் போரிட்டு, கடைசியில் தனக்கென்று ஊர் இல்லாமல் நிற்கும் ஒரு மக்கள்கூட்டத்தின் துயரம் அதில் இருந்தது. மெட்டு ஒரு தாலாட்டின் வேகத்தில் நகர்கிறது. அழவில்லை; அலட்டவில்லை. குரல் உயர வேண்டிய இடம் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அது தாழ்ந்து போகிறது.

தாஜுவின் தந்தை கூர்க்கா ரைபிள்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது வானொலியில் இந்தப் பாட்டு வந்தது. கிழவர் பர்மாப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பாட்டு முடிகிறவரை ஒரு சொல் இல்லை. முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்ந்தார். வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அங்கே அது வழக்கம் போலும்.

அந்தப் பாட்டு வெளிவந்த காலத்தில் அம்பர் மேற்கு வங்க அரசின் டார்ஜிலிங் நாட்டுப்புறக் கலைப் பிரிவில் இசைத் தலைவராக இருந்தார். 1962 முதல் 1965 வரை அந்த வேலை. சீனப் போர் முடிந்த நேரம்; எல்லைப்புற மலையில் ஒரு மொழிச் சிறுபான்மை தன் துயரத்தைப் பாடுவது அதிகாரிகளுக்கு இனிப்பாக இருந்திருக்காது. அரசு ஊழியர் வெளியே இப்படிப் பாடிப் பதிவு செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு வந்ததாகவும், அவர் வேலையை உதறியதாகவும் மலையில் எல்லோரும் சொல்வார்கள். பாட்டு நிற்கவில்லை. எல்லை தாண்டி நேபாளம் முழுக்கப் போயிற்று.

அங்கே நிலைமை மாறியிருந்தது. 1951-ல் ராணா ஆட்சி விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 2-ல் ரேடியோ நேபாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. 250 வாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். நாட்டின் ஒரே வானொலி. பாட வேண்டுமா? அங்கே போய்க் குரல் தேர்வில் தேற வேண்டும். நம் ஆகாசவாணியில் ஆடிஷன் என்ற பெயரைக் கேட்டாலே வித்வான்கள் நடுங்கியதைப் போலத்தான் அங்கும். தேர்வில் தேறாதவனுக்கு வேறு வாசல் கிடையாது. நாட்டிகாஜி, சிவசங்கர், கோயிலி தேவி, தாரா தேவி ஆகியோர் அந்த ஒரே வாசல் வழியாக வந்தவர்கள். கிடார் பிடித்துப் பாடிய பிரேம்த்வஜ் பிரதானும் அப்படியே. 'ஆதுனிக் கீத்' என்று அவர்கள் அழைக்கும் நவீனப் பாட்டு, அதாவது நாட்டுப்பாடலும் அல்லாமல் ராக சங்கீதமும் அல்லாமல் கவிஞர் எழுதி இசையமைப்பாளர் மெட்டுப் போட்டுப் பாடும் மெல்லிசை, அந்த நிலையத்தில்தான் நிலைபெற்றது.

அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1960-ல் மன்னர் மகேந்திரா நாடாளுமன்றத்தைக் கலைத்துக் கட்சிகளைத் தடை செய்தார். பஞ்சாயத்து ஆட்சி முப்பது ஆண்டு நீடித்தது. ஒரே மன்னர், ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே உடை என்பது அதன் கொள்கை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார்களின் மொழியில் ரேடியோ நேபாள் தந்து வந்த செய்தி 1965-ல் நிறுத்தப்பட்டது. இந்திச் செய்தியும் சேர்ந்து போயிற்று. நேபாளிப் பாட்டின் பொற்காலம் என்று நாம் கொண்டாடும் அதே ஆண்டுகளில் மற்ற மொழிகளின் குரல் நெரிக்கப்பட்டது. அந்தப் பாட்டுகளை மனமாரக் கேட்கிறவன் இதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். மொழிக்காகத் தெருவில் இறங்கிய நாட்டிலிருந்து வந்தவனுக்கு அதை மறப்பது எளிதல்ல.

அந்தக் காலத்தின் மாபெரும் குரலே ஒரு நேவார். நாராயண் கோபால் 1939-ல் காத்மாண்டுவின் கிலாகல் தெருவில் பிறந்தார். தந்தை சாஸ்திரிய இசை தெரிந்தவர். மகன் பரோடாவுக்கு இசை படிக்கப் போய்ப் பாதியில் திரும்பினார். நேபாளத்தில் 'ஸ்வர சம்ராட்' என்றால் அவர் ஒருவர்தான். வாழ்நாள் முழுக்கப் பாடி விட்டுச் சென்ற பாட்டுகள் நூற்றி முப்பது சொச்சம்; நம் திரைப்படப் பாடகர்களின் கணக்கில் இது ஒன்றிரண்டு வருட வேலை. பிடிக்காத வரியைப் பாட மாட்டார். பிடித்த வரியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு திரிவார். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல் அவருடையது. துயரத்தைப் பாடும்போது அதில் கெஞ்சல் இருக்காது.

அவருக்கும் டார்ஜிலிங்குக்கும் உள்ள தொடர்பு ஒரு நேபாள வழக்கத்தின் வழியாக உறுதிப்பட்டது. அங்கே 'மித்' என்றொரு உறவு உண்டு. இரண்டு நண்பர்கள் சடங்கு செய்து, பெரியவர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வார்கள். அதன் பிறகு ஒருவர் வீட்டில் மரணம் என்றால் மற்றவருக்கும் தீட்டு உண்டு. சாதி, இன எல்லைகளைத் தாண்டியும் இது நடக்கும். நாராயண் கோபாலும் அம்பரின் மாணவரான கோபால் யோஞ்சனும் இப்படி மித் ஆனார்கள். ஒருவர் நேவார், மற்றவர் டார்ஜிலிங்கில் பிறந்த தமாங். கோபால் யோஞ்சன் குழல் வாசிப்பார், எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடவும் செய்வார். அவர் மெட்டில் நாராயண் கோபால் பாடியவையும் அருணா லாமா பாடியவையும் இன்றைக்கும் நேபாளிகள் கூடும் இடத்தில் தானாகக் கிளம்பும். நாராயண் கோபால் 1971-ல் மணந்துகொண்ட பேமலாவும் டார்ஜிலிங்காரரே. காத்மாண்டுக் குரலும் டார்ஜிலிங் மெட்டும் இப்படி வீட்டு உறவாகவே மாறின.

1969-ல் அம்பரே காத்மாண்டுவுக்குப் போனார். மன்னர் மகேந்திராவின் அழைப்பு. மகேந்திரா தானும் கவிதை எழுதுபவர்; எம்.பி.பி. ஷா என்ற பெயரில் அவர் எழுதியவற்றைப் பாடகர்கள் பாடினார்கள். அம்பரை ராஜாங்க நேபாளக் கலைக்கழகத்தின் இசைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த வேலை. 'முனா மதன்', 'குஞ்ஜினி' போன்ற, நேபாளிக் கவிஞர் தேவ்கோட்டாவின் கதைக்கவிதைகளை இசை நாடகங்களாக்கினார். மனைவியை விட்டுப் பிழைப்புத் தேடி லாசாவுக்குப் போகும் காத்மாண்டுக்காரனின் கதை 'முனா மதன்'. அதற்கு இசையமைக்க, பிழைப்புத் தேடி மலை தாண்டியவரின் மகனைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சொந்தப் பாட்டுகளிலும் அவர் பாணி தனித்தது. அவருக்கு முந்திய நவீனப் பாட்டு பெரும்பாலும் இந்திப் படப் பாட்டின் நிழலில் நடந்தது. அம்பரின் பாட்டில் பின்னணி வயலின்கள் வேறொரு மெட்டைத் தனியாகப் பேசிக்கொண்டு போகும். கோரஸ் வெறும் எதிரொலியாக இராது. மலைமேல் தேவாலயங்களில் சிறுவயதில் காதில் விழுந்த ஒத்திசைவு அதில் கேட்கிறது. ஆனால் மெட்டின் எலும்பு மலைக்கிராமத்துடையது. அவரே பாடிய 'ம அம்பர் ஹூ' பாட்டைக் கேட்டால் இது விளங்கும். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். டார்ஜிலிங்கில் இருந்தவரை அவர் பாட்டில் இருந்த அந்த வெளிப்படையான மக்கள் துயரம் காத்மாண்டுவில் உள்ளடங்கிப் போயிற்று. அரசரின் கழகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று தெரியாமல் பேசுவது எளிது. என் செவிக்கு இளவயதின் அம்பர்தான் இன்னும் நெருக்கம்.

அதே சமயத்தில் இன்னொரு மாணவர் எதிர்த்திசையில் போனார். ரஞ்சித் கஜ்மேர் 1971 வாக்கில் பம்பாய்க்கு இறங்கி ஆர்.டி. பர்மனிடம் சேர்ந்தார். இடுப்பில் கட்டி இரு பக்கமும் தட்டும் மாதல் என்ற மலை மத்தளத்தை இந்திப் படத்துக்குள் கொண்டுபோனவர் அவர். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'காஞ்சி ரே' பாட்டில் துள்ளும் அந்தத் தாளம் நம்மூர் டீக்கடைகளிலும் ஒலித்ததுதான். பர்மன் அவரைக் 'காஞ்சா' என்றே கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்தது. 1985-ல் வந்த 'குஸுமே ருமால்' நேபாளிப் படத்துக்கும் அவர்தான் இசை. உதித் நாராயண் அதில் பாடி, நடிக்கவும் செய்தார்.

1982-ல் 'மியூசிக் நேபாள்' நிறுவனம் கேசட் தயாரிக்கத் தொடங்கியதும் வானொலியின் ஒற்றை வாசல் தகர்ந்தது. குரல் தேர்வில் தேறாதவனும் இனிப் பாடலாம். நாட்டின் முதல் பாப் பாடகர் என்று பலரும் சொல்லும் ஓம் விக்ரம் பிஷ்ட அந்தக் காலத்தில் எழுந்தார். 1990-ல் மக்கள் கிளர்ச்சி பஞ்சாயத்து ஆட்சியை வீழ்த்தியது. நவம்பரில் புதிய அரசியல் சட்டம் வந்தது. டிசம்பர் 5-ல் நாராயண் கோபால் நீரிழிவு முற்றி 51 வயதில் காத்மாண்டுவின் பீர் மருத்துவமனையில் இறந்தார். நான் கர்சியாங் போய்ச் சேர்ந்தபோது அவர் கேசட்டுகள்தான் எங்கும். துக்கம் இன்னும் ஆறவில்லை என்பது கடைக்காரர்கள் அதை எடுத்துக் கொடுக்கும் விதத்திலேயே தெரிந்தது.

பிறகு பண்பலை வந்தது. 1997-ல் ரேடியோ சகர்மாதா தொடங்கியது; தெற்காசியாவிலேயே அரசு சாராத முதல் சமுதாய வானொலி அது. தனியார் நிலையங்களும் பெருகின. காத்மாண்டுவின் இளைஞர்கள் கிடாரை மாட்டிக்கொண்டு தாங்களே எழுதித் தாங்களே பாடினார்கள். நபின் கே. பட்டராய் வந்தார். '1974 ஏ.டி.' குழு வந்தது. அம்ரித் குருங்கின் 'நேபத்யா' நாட்டுப்புற மெட்டை ராக் இசையில் வைத்து, மாவோயிஸ்ட் போர் நடந்த காலத்தில் அமைதிப் பாட்டுகளோடு நாடு சுற்றியது. ஆனி சோயிங் டோல்மா என்ற பௌத்தத் துறவி பாடிய 'பூல்கோ ஆங்க்காமா' வீட்டுக்கு வீடு ஒலித்தது. அதை எழுதிய துர்காலால் ஸ்ரேஷ்ட, வானொலியில் இடம் மறுக்கப்பட்ட நேவார் மொழியின் பெருங்கவிஞர். அந்தத் துறவியின் குரலைப் பின்னர் ஏ.ஆர். ரஹ்மான் 'கோக் ஸ்டுடியோ'வில் 'ஜரியா' பாட்டுக்குப் பயன்படுத்தியதால் தமிழர் பலரும் கேட்டிருப்பார்கள்.

2006 ஏப்ரலில் இரண்டாம் மக்கள் கிளர்ச்சி மன்னர் ஞானேந்திராவின் நேரடி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. பழைய தேசிய கீதம் உடனே சிக்கலாயிற்று. அது 1899-ல் ராணா காலத்து பேண்டு வாத்தியத்துக்காகப் போட்ட மெட்டு. பின்னர் அதற்கு எழுதிய சொற்கள் முழுக்க முழுக்க மன்னரின் புகழ். போட்டி அறிவித்தார்கள். 1,272 பாட்டுகள் வந்தன. ப்யாகுல் மாய்லா என்ற புனைபெயரில் எழுதும் பிரதீப்குமார் ராயின் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மன்னர் அதில் இல்லை. பல இனம், பல மொழி, பல மதம் கொண்ட மக்களை ஒரே மாலையில் கோத்த பூக்களாகப் பேசுகிறது. 1965-ல் ஒரே மொழி என்று முடிவு செய்த நாடு நாற்பது ஆண்டு கழித்துத் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ள முன்வந்தது.

மெட்டமைக்கும் பொறுப்பு அம்பரிடம் வந்தது. தேசிய கீதம் என்றதும் உலகம் முழுக்க ஒரு பழக்கம் இருக்கிறது: பித்தளை வாத்தியம், அணிவகுப்பு நடை, குரல் எட்டாத உச்சம். அம்பர் அதையெல்லாம் தள்ளிவைத்தார். அவர் கொடுத்தது ஒரு நாட்டுப்புற மெட்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம். வயல்வரப்பில் நடந்துகொண்டே பாடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் குரல் எட்டும். மாதலும் குழலும் போதும். ஐம்பது ஆண்டு இசையறிவு உள்ள மனிதர் தன் வித்தை எதையும் அதில் காட்டவில்லை. என்னைக் கேட்டால் அவர் செய்தவற்றில் ஆகச் சிரமமான காரியம் அதுதான். 2007 ஆகஸ்ட் 3-ல் அரசுத் தலைமையகமான சிங்க தர்பாரில் அது தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மே 28-ல் முடியாட்சியே ஒழிந்தது. ஒரு மன்னரின் அழைப்பில் வந்த பாடகர், மன்னர் இல்லாத நாட்டுக்குக் குரல் கொடுத்தார். 2010-ல் அமைந்த இசை, நாடகக் கழகத்துக்கு அவரே முதல் தலைவரானார். 2016 ஜூன் 7-ல் காத்மாண்டுவில் காலமானார்.

அந்த 2007 ஆகஸ்ட்டில் தாஜு எனக்குப் போன் செய்தார். ஓய்வு பெற்றுக் கர்சியாங்கிலேயே இருந்தார். தேசிய கீதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியது பிரசாந்த் தமாங் பற்றி. டார்ஜிலிங் பையன், கல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள், 'இந்தியன் ஐடல்' மேடையில் நிற்கிறான். உங்கள் வீட்டில் எத்தனை செல்போன் இருக்கிறதோ அத்தனையிலும் ஓட்டுப் போடச் சொல்லுங்கள் என்றார். மலையில் அப்போது வேறு பேச்சே இல்லை. தெருவில் மேஜை போட்டு, இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். கட்சிக்காரர்கள், தோட்டத் தொழிலாளிகள், கன்னியாஸ்திரிகள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் நான்தான் கேட்டேன்: "தாஜு, நேபாளத்துத் தேசிய கீதம் கேட்டீர்களா?"

"கேட்காமல் இருப்பேனா? நாங்கள் பிக்னிக் போகிற இடத்தில் மாதல் தட்டிப் பாடுகிற மாதிரி இருக்கிறது. அம்பர் தாஜு நம்மை மறக்கவில்லை" என்றார்.

செப்டம்பர் 23-ல் பிரசாந்த் வென்றார். அடுத்த சில நாட்களில் டெல்லியின் ஒரு வானொலி அறிவிப்பாளர் அவரைக் கூர்க்கா காவல்காரர்களோடு சேர்த்துக் கேலி பேச, சிலிகுரியில் கலவரம் மூண்டது. ஓட்டுச் சேகரிக்கக் கூடிய கூட்டத்தின் உற்சாகத்திலிருந்தே மலையின் அரசியல்வாதி பிமல் குருங் அக்டோபர் 7-ல் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்ற கட்சியைத் தொடங்கினார். டார்ஜிலிங் மலைக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை மறுபடி எழுந்தது. பிரசாந்த் போலீஸ் சீருடைக்குத் திரும்பவில்லை. மூன்று ஆண்டு கழித்து, அம்பர் போன அதே வழியில், மலை தாண்டிக் காத்மாண்டுவின் திரையுலகுக்குப் போய் 'கோர்க்கா பல்டன்' என்ற நேபாளிப் படத்தில் கதாநாயகனாக நடித்தார்.